துணைக்கால்

உக்காருங்க தம்பி. நின்னுக்கிட்டே இருந்தா கரண்டு சீக்கிரம் வந்துறாது. மாசத்துக்கு ஒருநாள் பராமரிப்புன்னு நிறுத்துவாங்கல்ல, அது இன்னைக்கு. ரெண்டு மணிக்கு வருமாம். இப்ப பன்னெண்டரை. அந்தப் பொண்ணு ஜெயக்கொடி சாப்பிட்டு வாரேன்னு போயிருக்கு. அதுவரைக்கும் கடைக்கு நாமதான் காவல்.

உங்களுக்கும் பேனர்தானா? பிறந்தநாளா, காதுகுத்தா? கோயில் விசேஷமா. சரி, எனக்கும் அதேதான். ஆனா ஒண்ணு, முதல்ல வந்தது நான். கரண்டு வந்ததும் என் வேலையைத்தான் முதல்ல பாக்கணும். பெரிய வேலை இல்ல. பேனர் ரெடியா கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. ஒரே ஒரு எழுத்தைச் சரிபண்ணணும். எழுத்துகூட இல்ல, ஒரு கால். அஞ்சு நிமிஷம்.

எந்த ஊரு? திருப்பூரா. பேனர் போட அங்கேருந்தா இங்க வந்தீங்க? ஓ, சொந்த ஊரு இந்தப் பக்கமா. அதானே பாத்தேன். எல்லாரும் பொழைக்க ஒரு ஊரு, சாமி கும்பிட ஒரு ஊருன்னு வச்சிருக்கீங்க. தப்புன்னு சொல்லல. ஆனா சொந்தபந்தம் யாரு என்னன்னு தெரியாமலே இருந்துர்றீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பொறுக்கல. எதுத்தாப்புல வந்து உக்காந்தாலும் பங்காளியைப் பங்காளிக்குத் தெரியல. அந்தக் குறையைப் போக்கத்தான் நான் ஏழு வருஷமா ஒரு காரியம் பண்ணிக்கிட்டிருக்கேன்.

நான் யாருன்னு சொல்லலையே. புலவர் கூடலிங்கம். செங்குளம்பட்டிக்காரன். என்ன தம்பி, பேரைக் கேட்டதும் நிமிந்து உக்காருறீங்க. கேள்விப்பட்டிருப்பீங்க. நெறைய பேரு கேள்விப்பட்டிருக்காங்க.

முப்பத்திரண்டு வருஷம் தமிழாசிரியர். பையனுக எனக்கு வச்ச பட்டப்பேரு அரை மார்க்கு. எதுக்குன்னா, துணைக்கால் விட்டா அரை மார்க்குக் குறைப்பேன். இந்த ஆ-காரத்துக்குப் பக்கத்துல ஒரு காலு போடுறோமே, அது. 'ஆசிரியர் பாடம் நடத்தினார்'னு எழுதச் சொன்னா 'ஆசிரியர் படம் நடத்தினார்'னு எழுதுவான். ஒரு காலு போனா மனுசன் சினிமா எடுக்கப் போயிர்றான் பாத்தீங்களா. அரை மார்க்குல ஃபெயிலாப் போனவனுக நாலஞ்சு பேரு உண்டு. அதுல ஒருத்தன் இப்ப எனக்கு பென்ஷன் போடுற ஆபீஸ்ல இருக்கான். ஒவ்வொரு நவம்பர் மாசமும் நான் உயிரோட இருக்கேன்னு ரெண்டு தடவை எழுதிக் குடுக்கச் சொல்றான். கேக்கட்டும், கேக்கட்டும். தமிழ் தமிழா இருக்கணும்.

சரி, விஷயத்துக்கு வாரேன். எங்க ஊர்ல வாழவந்தம்மன் கோயில். நாளன்னைக்கு வெள்ளிக்கிழமை குடமுழுக்கு. அங்க பரிவட்டம்னு ஒண்ணு இருக்கு. பூசை முடிஞ்சதும் பூசாரி முதல்ல ஒருத்தரைக் கூப்பிட்டு, தலையில பட்டுத்துணியக் கட்டி, மாலையப் போட்டு, திருநீறு குடுப்பாரு. அந்த ஒருத்தருக்கு அப்புறம்தான் மத்தவங்க எல்லாம். அது மூத்த வீட்டுக்கு உரியது. எந்த ஊர்லயும் அதான் முறை. எங்க ஊர்ல மட்டும் எனக்குத் தெரிஞ்ச நாள்லேருந்து இளைய வீட்டுக்காரனுக்குக் கட்டுறாங்க. இப்ப கட்டிக்கிறவன் வெயில்முத்து. எனக்குத் தம்பி முறை. அவங்க அப்பன், அவனுக்கு அப்பன், எல்லாரும் கட்டிக்கிட்டாங்க. நாங்க மூத்த வீடு. நாங்க வரிசையில நின்னு, நாலாவது ஆளா, சுண்டல் வாங்கிட்டு வருவோம்.

எங்கப்பா ஆயுசுக்கும் புலம்பினாரு. நான் புலம்பல. கேட்டேன். முப்பது வருஷத்துக்கு முன்னாடி, பூசைக்கு நடுவுல, எல்லாரும் பாக்கக் கேட்டேன். மூத்த வீடு நிக்கும்போது இளைய வீட்டுக்கு எப்படிக் கட்டலாம்னு. வெயில்முத்தோட அப்பன் ஒரே வார்த்தைதான் சொன்னாரு, வழக்கம்னு. ஏன் அப்படி வழக்கம்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. பதில் இருந்தாத்தானே சொல்ல.

அன்னையிலேருந்து பேச்சுவார்த்தை கிடையாது. நல்லதுகெட்டது எதுக்கும் அந்த வீட்டு வாசலை மிதிக்கல. தன் மகன் கல்யாணத்துக்கு வெயில்முத்து பத்திரிகை எடுத்துக்கிட்டு வந்தான். வாசல்லயே வாங்கிக்கிட்டேன். உள்ள வாங்கன்னு சொல்லல. அவனும் வெத்தலைத் தட்டைக் கையில வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னான். அப்புறம் போயிட்டான். அவனும் நானும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவங்க, தெரியுமா? என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனே அவன்தான். ஆனா நியாயம்னு வந்துட்டா நான் அதெல்லாம் பாக்குற ஆளில்ல.

ரிட்டயரானதும் முடிவு பண்ணிட்டேன். ஆதாரத்தோட பேசுவோம்னு. குடும்ப மரம் எழுத ஆரம்பிச்சேன். யாருக்கு யாரு பிள்ளை, யாரு மூத்தவன், யாரு இளையவன், எல்லாம் காகிதத்தோட.

லேசுன்னு நெனைக்காதீங்க. முதல்ல பள்ளிக்கூடத்து அட்மிஷன் ரிஜிஸ்டரைப் போய்ப் பாத்தேன். எங்க வம்சத்துல அறுபது பேரு ஜூன் மாசம் ஒண்ணாம் தேதி பிறந்திருக்காங்க. வாத்தியாரு போட்ட தேதி. நானே அந்த வேலையைப் பாத்தவன், எனக்குத் தெரியாதா? அப்புறம் பேரு. நம்ம ஆளுகதான் பாட்டன் பேரைப் பேரனுக்கு வைப்பாங்களே. மரத்துல ஏழு இருளப்பன் வந்துட்டான். எந்த இருளப்பன் எந்த இருளப்பனைப் பெத்தான்னு கண்டுபிடிக்க ஒரு வருஷம். ரங்கூன்லேருந்து ஒருத்தன் போட்ட லெட்டரு பதினாலு கெடைச்சது. பதினாலுலயும் 'இங்கு நான் சுகம், அங்கு உங்கள் சுகத்துக்கு எழுதவும்'. வேற ஒரு வரி இல்ல. அவன் யாருக்கு மகன்னு ஒரு இடத்துல சொல்லக்கூடாது? பொறுப்பத்த பய.

பொம்பளைங்களை எழுதல. அதை முறைன்னு வச்சுக்கிட்டேன். எழுதினா மரம் தாங்காது. என் மக கயற்கண்ணி, ஒரே மக, வக்கீலா இருக்கா, மரத்தைப் பாத்துட்டுச் சொல்றா, 'அப்பா, உங்க மரத்துல ஆம்பளைங்க தானாவே காய்ச்சுத் தொங்குறாங்க'ன்னு. இந்த ஜெயக்கொடியும் டிசைன் பண்ணும்போது கேட்டுச்சு, 'அய்யா, உங்களுக்குக் கீழே யாரும் இல்லையா'ன்னு. யாருமில்லம்மா, பொண்ணுதான் அப்படின்னேன். அது என்னவோ என்னைப் பாத்துட்டு, என் பேருக்குக் கீழே ஒரு இலையை வரைஞ்சு விட்டுச்சு. அழகாத்தான் இருக்கு.

இப்பத்தான் முக்கியமான கட்டம். எங்க பெரியத்தை வீட்டை இடிச்சாங்க. பரண்ல ஒரு தகரப்பெட்டி. உள்ள பாத்தா ஒரே ஒரு காகிதம் மட்டும் துணியில சுத்தி வச்சிருக்கு. கலெக்டர் துரைக்கு எழுதின அர்ஜியோட, அதான் மனுவோட, நகல். நூத்தி நாப்பது வருஷத்துப் பழசு. எழுதினது சொரிமுத்து. அவருதான் இளைய வீட்டுக்கு, அதாவது வெயில்முத்து வகையறாவுக்கு, மூல புருஷன். என்னோட பாட்டனுக்குப் பாட்டன் இருளப்பன். சொரிமுத்தும் இருளப்பனும் அண்ணன் தம்பிங்க, அது எல்லாருக்கும் தெரியும். யாரு அண்ணன் யாரு தம்பிங்கறதுக்குத்தான் எழுத்து இல்லாம இருந்துச்சு.

காகிதத்துல என்ன இருக்குன்னு சொல்லவா? எனக்கு மனப்பாடம். 'மகா கனம் பொருந்திய கலெக்டர் துரையவர்கள் சமுகத்துக்கு, செங்குளம்பட்டியிலிருக்கும் சொரிமுத்து தெண்டனிட்டு எழுதிக்கொள்ளும் அர்ஜி. என் தமையன் இருளப்பன் ஜமீன் விஷயமாய் நான்'. அம்புட்டுத்தான். அத்தோட பக்கம் முடிஞ்சுபோச்சு. அடுத்த பக்கம் இல்ல.

தமையன். கவனிச்சீங்களா? தமையன்னா அண்ணன். தம்பிக்காரனே தன் கையால எழுதியிருக்கான். அது ஒண்ணு போதாதா? அதுக்கு மேல, இருளப்பன் ஜமீன். நான் பெட்டி பக்கத்துலயே உக்காந்துட்டேன். அண்ணன்னு நிரூபிக்கப் போன எடத்துல ஜமீன்தாரே கெடைச்சுட்டாரு.

ஒரு சின்ன விஷயம் இருந்துச்சு. ஜ-வுக்கும் மீ-க்கும் நடுவுல பூச்சி அரிச்ச ஓட்டை. சுண்டைக்காய் அளவு. அதுல ஏதாவது எழுத்து இருந்திருக்குமோன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். இருந்திருக்காதுன்னு முடிவு பண்ணேன். அந்தக் காலத்து ஆளுங்க தாராளமா இடம் விட்டு எழுதுவாங்க.

விசிட்டிங் கார்டு அடிச்சேன். 'புலவர் கூடலிங்கம், ஜமீன் பரம்பரை'. இந்தாங்க, ஒண்ணு வச்சுக்குங்க. வீட்டுல அவ, 'ஜமீன்தாரே, ரேஷன் கடையில பாமாயில் போடுறானாம், பல்லக்குல போறீங்களா நடந்து போறீங்களா'ன்னா. பொம்பளைங்களுக்குச் சரித்திரம் புரியாது.

கோயில் கமிட்டிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன், காகிதத்தோட ஜெராக்ஸ் வச்சு. வெயில்முத்துக்கும் ஒரு காப்பி. இந்தக் குடமுழுக்குலேருந்து பரிவட்டம் மூத்த வீட்டுக்கு வரணும், இல்லாட்டி கோர்ட்டுக்குப் போவேன்னு எழுதினேன். நாலு மாசம் ஆச்சு. வெயில்முத்து வாயே திறக்கல. பயம். ஆதாரத்தைப் பாத்ததும் ஆடிப்போயிருப்பான். கமிட்டித் தலைவரு நேத்து போன்ல, 'அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிச்சிட்டு வந்துருங்க, எல்லாம் நல்லபடியா நடக்கும்'னு மட்டும் சொன்னாரு. என்ன அர்த்தம்னு கேட்டா, 'வாங்க அண்ணாச்சி'ங்கறாரு. நானும் விடுறதா இல்ல. முப்பதுக்குப் பத்து சைஸ்ல பேனர். கோயில் வாசல்ல கட்டப்போறேன். மேல 'செங்குளம்பட்டி ஜமீன் இருளப்பன் வம்சாவளி'. கீழே மரம் முழுக்க. நடுவுல அந்தக் காகிதத்தையே போட்டோ பிடிச்சுப் பெருசு பண்ணி, ஆறடிக்கு. பாக்குறவன் பாக்கட்டும்.

அந்த ரோலை இப்படிக் குடுங்க, காட்டுறேன். இது பேப்பர்ல எடுத்த மாதிரி. இந்த முனையைப் பிடிங்க. இது நாங்க. இந்தப் பக்கம் அவங்க. பகை இருந்தாலும் விட்டுறல பாருங்க, அதான் நேர்மை. இதோ வெயில்முத்து. அவனுக்குக் கீழே ஒரே மகன், தவசி. திருப்பூர்ல பனியன் கம்பெனி. ஆளை நான் பாத்ததில்ல, அதாவது சின்னப் புள்ளையில பாத்தது. இப்ப எதுக்க வந்தா அடையாளம் தெரியாது. ஆனா மரத்துல கரெக்டா எங்க உக்காரணுமோ அங்க உக்காந்திருக்கான். நீங்களும் திருப்பூர்ங்கறீங்க, பாத்திருக்கீங்களா? சிரிக்கிறீங்க. அதுவும் சரிதான், திருப்பூர் என்ன சின்ன ஊரா?

டீயா? வேண்டாம்னா விடமாட்டீங்க போல. சக்கரை இல்லாம சொல்லுங்க. நீங்க ரொம்ப மரியாதையான ஆளா இருக்கீங்க தம்பி. பெத்தவங்க நல்லா வளத்திருக்காங்க.

அதனாலதான் சொல்றேன். வெளியில சொல்லக்கூடாத விஷயம். நீங்க வெளியூரு, யாருக்கிட்டயும் போய்ச் சொல்லப்போறதில்ல. எனக்கும் திங்கக்கிழமைலேருந்து தூக்கம் இல்ல, யாருக்கிட்டயாவது சொன்னாத் தேவலாம்போல இருக்கு.

அந்தக் காகிதத்தை முதல்ல என் மககிட்டத்தான் காட்டினேன். ஒரு பார்வைதான் பாத்தா. 'அப்பா, இது ஜமீன் இல்ல. ஜாமீன்'னா. எனக்கு வந்துச்சு கோவம். அவ கிரிமினல் வக்கீல். காலையில எந்திரிச்சா ஜாமீன், ராத்திரி படுக்கப்போனா ஜாமீன். அவளுக்கு எதைப் பாத்தாலும் அதுதான் தெரியும். தமிழ் சொல்லிக் குடுத்தது யாரு, நான்தானேன்னு சத்தம் போட்டேன். அவ எதுத்துப் பேசல. 'சரிப்பா'ன்னுட்டுப் போயிட்டா. போனவ சும்மா இருக்கல. பழைய ரெக்கார்டெல்லாம் இருக்கிற எடத்துல மனுப் போட்டு, அலைஞ்சு, அந்த அர்ஜியோட அசலைத் தேடியிருக்கா. மூணு மாசம். திங்கக்கிழமை போன்ல அனுப்பினா. ரெண்டு பக்கமும்.

ரெண்டாவது பக்கத்தையும் சொல்லவா? மூணு நாள்ல அதுவும் மனப்பாடம் ஆயிருச்சு. வேண்டாம்னாலும் ஆயிருச்சு. 'என் தமையன் இருளப்பன் ஜாமீன் விஷயமாய் நான் பட்ட பாடு துரையவர்கள் அறிந்ததே. மாடு களவு கேசில் தமையன் தவணைக்கு ஆஜராகாமல் ஊரைவிட்டுப் போய்விட்டபடியால், ஜாமீன் நின்ற என்னுடைய புஞ்சையைச் சர்க்காரில் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு நான் வழக்காடவில்லை. ஊரார் என் கஷ்டத்தைப் பார்த்து, மூத்த வீட்டுக்குரிய கோயில் பரிவட்டத்தை எனக்கும் என் சந்ததிக்கும் விட்டார்கள். அது போதும். தமையன் இரண்டு வருஷமாய்ப் பெண்சாதி பிள்ளைகளை விட்டு மலையடியில் ஒளிந்து திரிகிறான். துரையவர்கள் கிருபை செய்து அவனை மன்னித்து ஊருக்குள் வர உத்தரவு கொடுக்கவேணும். அவன் பிள்ளைகள் என் வீட்டில் தகப்பன் எங்கே என்று கேட்கிறார்கள்.'

அவ்வளவுதான். கீழே சொரிமுத்து கையெழுத்து.

அந்தப் பிள்ளைகள்ல ஒருத்தன் என் பாட்டனுக்கு அப்பன்.

எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு தம்பி, பொய் சொல்லல. அன்னைக்குச் சாப்பிடல. ஆனா யோசிச்சுப் பாத்தா, திருடன்னு ஒரேயடியாச் சொல்லிற முடியாது. அந்தக் காலத்துல மாடு மேய்ச்சலுக்குப் போனா வழி தப்பி யாரு பின்னாலயாவது வரும். வந்த மாட்டை விரட்டவா முடியும்? குத்தமும் நிரூபணம் ஆகல. மனுசன் ஆஜராகவே இல்ல, அப்புறம் எப்படி நிரூபணம் ஆகும்? அதுவுமில்லாம தமையன்கிறது ரெண்டு பக்கத்துலயும் இருக்கு. மூத்தவன் மூத்தவன்தானே. அது மாறலையே.

அதனால ரெண்டாம் பக்கத்தைப் பத்தி மூச்சு விடறதில்லன்னு முடிவு பண்ணேன். யாரு பாத்தா? என் மக பாத்தா. அவ சொல்லமாட்டா. 'உங்க மரம், உங்க இஷ்டம், நான்தான் அதுல இல்லையே'ன்னுட்டா. நான் கமிட்டிக்குக் குடுத்தது முதல் பக்கம் மட்டும்தான். அதுல ஓட்டை இருக்கு. ஓட்டைக்கு யாரு சாட்சி?

அப்பத்தான் நேத்து சாயங்காலம் ஜெயக்கொடி போன் பண்ணுது. 'அய்யா, அந்தக் காகிதத்தை ஆறடிக்குப் பெருசு பண்ணினேன்ல, ஓட்டைக்குக் கீழே ஒரு கோடு நீட்டிக்கிட்டுத் தெரியுது. கால் மாதிரி இருக்கு. ஜாமீன்னு படிக்க வருது. எழுத்தா, அழுக்கா?' அப்படின்னு. பூச்சி காலோட தலையைத்தான் தின்னிருக்கு, அடியை விட்டுருச்சு. முழுசாத் தின்னா என்ன குறைஞ்சுபோகும்?

அழுக்கும்மா, அழிச்சுருன்னேன். அதுக்கு அது, 'எழுத்தை அழிக்கிறதா இருந்தா நீங்க நேர்ல வந்து பக்கத்துல இருந்து சொல்லுங்கய்யா, நான் உங்ககிட்டத் தமிழ் படிச்சவ, எனக்குக் கை வரல'ன்னுச்சு. அதுக்குத்தான் வந்தேன். முப்பத்திரண்டு வருஷம் காலைப் போடு காலைப் போடுன்னு கத்தினவன், இன்னைக்கு ஒரு காலை எடுன்னு சொல்ல வந்திருக்கேன். என்ன பண்ணச் சொல்றீங்க? எங்கப்பா அந்தப் பட்டுத்துணியைத் தலையில வாங்காமலே போய்ச் சேந்தாரு. எனக்கு அறுபத்தெட்டு. அடுத்த குடமுழுக்கு பன்னெண்டு வருஷம் கழிச்சு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாழவந்தாளுக்கு முன்னால முதல் ஆளா நிக்கணும். அதுக்கு ஒரு காலு குறைஞ்சா குறையட்டும்.

கரண்டு வந்துருச்சு. ரெண்டு மணிங்கறாங்க, ஒண்ணரைக்கே வந்துருச்சு பாருங்க. இந்தா, ஜெயக்கொடியும் வந்துருச்சு. வாம்மா. இந்தத் தம்பிக்கு முன்னாடியே நான் வந்துட்டேன், என்னோடதை முதல்ல திற.

இது இல்லம்மா. இது வேற யாருதோ. இந்தத் தம்பி காலையில அனுப்பினதா? பரவாயில்ல, பரவாயில்ல, கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும். தம்பி, உங்களோடதைத் திறந்துருச்சு. கோயில் பேனர் நல்லாத்தான் இருக்கு. அம்மன் படம் லட்சணமா...

இது வாழவந்தம்மன்ல?

ஜெயக்கொடி, கொஞ்சம் பெருசு பண்ணு. கண்ணாடி எங்கே, இருங்க. 'வாழவந்தம்மன் கோயில் குடமுழுக்கு. முதல் பரிவட்டம் ஏற்க வருகைதரும் மூத்த வீட்டார் புலவர் கூடலிங்கம்...'

இது என் பேரு.

இந்தப் போட்டோ எங்கேருந்து வந்துச்சு? இது என் கல்யாணத்துல எடுத்தது. பக்கத்துல நின்ன ஆளை வெட்டிட்டாங்க. தோள்ல ஒரு கை மட்டும் இருக்கு. இந்தக் கை... வாட்ச்சை வலது கையில கட்டுறவன் எங்க ஊர்லயே ஒருத்தன்தான்.

'இங்ஙனம், வெயில்முத்து குடும்பத்தார்.'

தம்பி, நீங்க யாரு?

என்னது, திருப்பிச் சொல்லுங்க. காதுல விழுந்துச்சு. இன்னொரு தடவை சொல்லுங்க. பெரியப்பாவா?

தவசியா நீ?

ஏம்ப்பா, அப்ப நான் பேசினது எல்லாம் கேட்டுக்கிட்டா உக்காந்திருந்தே? நடுவுலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஆமா, நான் எங்க சொல்ல விட்டேன். முதல்லயே பேரைக் கேக்கணும்னு எனக்குத் தோணல. ஊரைத்தான் கேட்டேன்.

ரெண்டாம் பக்கமா? எந்த ரெண்டாம் பக்கம்? உங்க வீட்டுலயா இருக்கு? அப்ப... பாகம் பிரிக்கும்போது அந்தக் காகிதத்தையும் ஆளுக்கொரு பக்கமாப் பிரிச்சிருக்காங்களா. முதல் பக்கம் எங்களுக்கு, ரெண்டாம் பக்கம் உங்களுக்கு. உங்க தாத்தா படிச்சிருக்காரா? கோயில்ல நான் ஏன்னு கேட்டப்போ தலையைக் குனிஞ்சாரே, அப்பவே அவருக்குத் தெரியுமா? வெயில்முத்துக்கு? எத்தனை வருஷமா?

பள்ளிக்கூடத்துல என்கூட ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தப்பவேவா.

நாலு மாசம் முன்னாடி என் பதிவுத் தபால் வந்தப்போ அதை எடுத்துக் காட்டியிருக்கலாமே. ஒரே நிமிஷத்துல என் வாயை அடைச்சிருக்கலாமே. என்ன சொன்னான் உங்கப்பன்? சொன்னதை அப்படியே சொல்லு, எதையும் விடாம சொல்லு.

'சொரிமுத்துத் தாத்தா யாருக்கும் காட்டல. நாம எதுக்குக் காட்டணும். அண்ணன் ஆசைப்படுறாரு, கட்டிக்கட்டும்.'

இந்த டீ சூடா இருக்கு, கண்ணுல ஆவி பட்டுருச்சு. ஒண்ணுமில்ல. ஆறிப்போச்சா? ஆமா, ஆறித்தான் போச்சு.

என்னம்மா ஜெயக்கொடி? என் பேனரைத் திறந்துட்டியா. அந்தக் காலை அழிக்கணுமா வேண்டாமா? இரு. கையை எடு அதுலேருந்து. அழிக்காத. தலையைப் பூச்சி தின்னுருச்சுல்ல, அதையும் நீ கறுப்புல முழுசாப் போட்டு விடு. நான் சொல்றேன், போடு. மேல தலைப்புல ஜமீன்னு இருக்கே, அந்த வரியை எடுத்துரு. வம்சாவளின்னு மட்டும் இருக்கட்டும். அப்புறம் எனக்குக் கீழே ஒரு இலை வரைஞ்சியே, அந்த எடத்துல ஒரு பேரு எழுதணும். கயற்கண்ணி. றன்னகரம் இல்ல, மூணுசுழி ண்ணு. அவ வக்கீலு, தப்பா எழுதினா கேஸ் போட்டுருவா.

தவசி, உங்கப்பன் இப்ப வீட்டுல இருக்கானா? நடக்குறானா, படுக்கையா? நடக்குறான். நல்லது. அப்ப வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்துருவான்ல. பூசாரி கூப்பிடும்போது எனக்குப் பக்கத்துல நிக்கச் சொல்லு. துணியை யார் தலையில கட்டணும்னு நான் அங்க சொல்லிக்கிறேன். நீ இப்ப போன் பண்ணிச் சொல்லிறாத, அவன் வராம இருந்துருவான். எனக்கு அவனைத் தெரியும்.

என்ன சிரிக்கிற? உன் பேனர்லயும் ஒரு பிழை இருக்கு, தெரியுமா? அப்பவே பாத்துட்டேன், சொல்ல வேண்டாம்னு இருந்தேன். இங்க வா, பாரு. 'புலவர் கூடலிங்கம் பெரியப்ப அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்'. என்ன எழுதியிருக்கே? பெரியப்ப. துணைக்கால் எங்கே?

அதைப் போடச் சொல்லு. போட்டாச்சான்னு பாத்துட்டுத்தான் நான் எந்திரிப்பேன்.